பில் வரவில்லை என்று கட்டாமல் விடலாமா? நாம் செய்கிற தவறுகள்

சில வருடங்களுக்கு முன் வாடகைக்கு வீடு மாறினேன். குடிபோய் மூன்று மாதம் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் வீடு திரும்பினால் கரண்ட் இல்லை. தெருவில் மற்ற வீடுகளில் எல்லாம் விளக்கு எரிகிறது. பணம் கட்டவில்லை என்று ஃபியூஸைப் பிடுங்கியிருந்தார்கள். எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற எஸ்எம்எஸ் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. ஆனால் எனக்கு முன்னால் அங்கே குடியிருந்தவரின் போனுக்கு.

"பில்லே வரலையே, எப்படிக் கட்டுவது?" என்ற கேள்வி நமக்கு நியாயமாகத்தான் படும். ஆனால் மின்சாரத்தைப் பயன்படுத்தியபோதே கடன் ஏற்பட்டுவிடுகிறது. பில் அதற்கான கணக்கு மட்டும்தான். அது கைக்கு வராததால் கடன் போய்விடாது. ஆகவே பில்லுக்காகக் காத்திருப்பதுதான் முதல் தவறு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். எடுத்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் கட்ட வேண்டும். மின் இணைப்பு எண் கையில் இருந்தால் மின்வாரிய இணையதளத்திலேயே தொகையைப் பார்த்துக்கொள்ளலாம். வாடகை வீட்டுக்குப் போகும்போது அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே அந்த எண்ணை வாங்கிக்கொண்டு, உங்கள் போன் நம்பரையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ரீடிங் எடுக்க வருபவர் தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வீடுகளுக்குக் கொடுக்கிற 100 யூனிட் இலவசமும் மற்ற ஸ்லாப் கணக்கும் (யூனிட் கூடக் கூடக் கட்டணம் ஏறுகிற படிகள்) இரண்டு மாதத்துக்கானவை. அந்தக் காலத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடுகிறது. 60 நாளில் 470 யூனிட் எரிக்கிற வீட்டில் 70-வது நாள் ரீடிங் எடுத்தால் கணக்கு 500-க்கு மேல் போய்விடும். வழக்கமாக ரீடிங் எடுக்கிற நாள் தாண்டியும் யாரும் வரவில்லையா? அன்றைக்கே மீட்டரைத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் முறையிடும்போது அந்தப் படம்தான் உங்கள் ஆதாரம்.

இதையெல்லாம் விடக் கலங்கவைப்பது, பல வருடம் கழித்து "பழைய கணக்கில் தவறு நடந்துவிட்டது, இவ்வளவு பாக்கி" என்று வருகிற பில். இதில் நாம் இரண்டு விதமாகத் தவறு செய்கிறோம். சிலர் பயந்துபோய்க் கேள்வியே கேட்காமல் கட்டிவிடுகிறார்கள். சிலர் "தப்பு உங்களுடையது, ஒரு பைசா தர மாட்டேன்" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். மின்சாரச் சட்டம் 2003-ன் 56-வது பிரிவு இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வைத்திருக்கிறது. இணைப்பைத் துண்டிக்கும் முன் 15 நாள் முழுதாக விட்டு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். பாக்கி முதலில் கட்ட வேண்டியதாகி இரண்டு வருடம் கடந்துவிட்டால், இடையில் தொடர்ந்து நிலுவையாகக் காட்டி வந்திருந்தால் ஒழிய, இந்தப் பிரிவின்கீழ் வசூலிக்க முடியாது. தவறான கட்டணக் கணக்கால் எழுந்த ஒரு ராஜஸ்தான் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: விட்டுப்போன தொகையைப் பின்னால் கேட்கலாம், ஆனால் இரண்டு வருடம் கடந்த அந்தக் கூடுதல் தொகைக்காக இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

அதே பிரிவில் சாதாரண மனிதனுக்கு உதவுகிற இன்னொரு வரியும் இருக்கிறது. தகராறு முடியும்வரை, கேட்கிற தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிப்படியான தொகை, எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால் இணைப்பைத் துண்டிக்க முடியாது. ஆனால் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று மனுவில் எழுதி, அலுவலக முத்திரையுடன் நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது.

கிரெடிட் கார்டு விஷயம் கொஞ்சம் வேறு. அங்கே அனுப்புகிறவருக்கும் கடமை உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி பில்லைத் தாமதமின்றி அனுப்பி, வட்டி போடும் முன் கட்டுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் தர வேண்டும். கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கிரெடிட் ஸ்கோர் போடுகிற நிறுவனங்களுக்கும் தெரிவிக்கலாம். பில்லில் தகராறு என்று புகார் செய்தால் 30 நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். அதனால் ஸ்டேட்மென்ட் தாமதமாக வந்தால் முதலில் அசலைக் கட்டிவிடுங்கள். வட்டிக்கும் அபராதத்துக்கும் தனியாக மின்னஞ்சலில் சண்டை போடுங்கள். மெயில் வந்த தேதியும் நேரமும் உங்கள் பக்கம் பேசும். கோபத்தில் மொத்தத்தையும் நிறுத்தி வைத்தால் அடிபடுவது உங்கள் கிரெடிட் ஸ்கோர்தான்.

சொத்து வரிக்கும் நோட்டீஸை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். அரையாண்டு தொடங்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கிறது.

பில் வராமல் தவிக்கிறவர்களைக் குறிவைத்தே ஒரு மோசடியும் நடக்கிறது. "பில் கட்டாததால் இன்றிரவு 9.30-க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த நம்பரைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு எஸ்எம்எஸ் வரும். பதற்றத்தில் கூப்பிட்டு, அவர்கள் சொல்கிற செயலியைப் போனில் ஏற்றி, வங்கிக் கணக்கையே இழந்தவர்கள் உண்டு. அந்த நம்பரைத் தொடாதீர்கள். பாக்கி இருக்கிறதா என்று நீங்களே இணையதளத்தில் பாருங்கள், இல்லாவிட்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 9498794987 எண்ணில் கேளுங்கள்.