பரீட்சை மாதத்தில் தண்ணீர் ஊற்றப்போவது யார்?

வேலூரில் தெருவோரம் கன்று நட ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆடியில் ஒரு ஞாயிறு காலை கூப்பிட்டால் முப்பது பேர் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். கன்று சாவது மார்ச், ஏப்ரலில். ப்ளஸ் டூ பொதுத்தேர்வு, அதைத் தொட்டாற்போல் பத்தாம் வகுப்பு, பிறகு கல்லூரி செமஸ்டர். முடிந்த மறுநாளே பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பொங்கலுக்குப் பிறகு மழையை நம்ப முடியாது. மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் வேறு. ஏரியாப் பசங்க முன்னின்று செய்யும் வேலை என்றால், முதலில் யோசிக்க வேண்டியது இந்த மாதங்களைத்தான்.

தண்ணீர் ஊற்றும் ஒருவருக்கு இரண்டு கன்று, அதற்கு மேல் வேண்டாம். பத்துப் பேர் என்றால் இருபது குழி. இலவசமாக நூறு கன்று கிடைக்கிறது என்பதற்காக நூறு குழி வெட்டினால், எண்பது காய்ந்த குச்சிகளைத் தெரு முழுக்க எண்ணிப் பார்க்க நேரிடும். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு மாணவர், தேர்வுக் காலத்துக்கு அதே தெருவிலேயே இருக்கும் பெரியவர் ஒருவர் என்று ஜோடி சேருங்கள். இஸ்திரி வண்டிக்காரர், இட்லிக் கடை அக்கா, எதிர்வீட்டுத் தாத்தா, யாரானாலும் சரி. நடுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். "இலை கொட்டுமேப்பா, யார் பெருக்குறது?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். "ஞாயித்துக்கிழமை நாங்களே அள்ளிக்கிறோம்க்கா" என்று சொன்னால் போதாது, இரண்டு வாரம் போய் அள்ளிக் காட்டுங்கள். அப்புறம் அந்த அக்காவே ஆட்டை விரட்டுவார்.

வார்டு கவுன்சிலரிடம் சொல்லிவிட்டு, இடங்களைக் குறித்த கைவரைபடத்துடன் மாநகராட்சிக்கு மனு கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று தமிழக நகரங்களில், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிக் குறை சொல்லும் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. உங்கள் பகுதி சபை கூடும்போது அங்கேயும் எழுதிக் கொடுக்கலாம். பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் எந்தப் பக்கம் போகின்றன என்று கேட்காமல் கடப்பாரையைத் தூக்காதீர்கள். கன்றுகளைப் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் கீழ் இயங்கும் வனத்துறை நாற்றங்காலில் கேட்டுப் பாருங்கள்.

மின்கம்பிக்குக் கீழே பவழமல்லி, மந்தாரை. கம்பி இல்லாத பக்கம் புங்கன், வேம்பு, மகிழம், பூவரசு. பூவரசைப் போத்தாக, அதாவது கிளைத் துண்டாக, வெட்டி நட்டாலும் துளிர்த்துவிடும், ஆனால் ஆணிவேர் இருக்காது. காற்றில் சாயும் என்பதால் தெருவுக்கு விதைக் கன்றே நல்லது. கோனோகார்பஸ் வேண்டாம். சீக்கிரம் பச்சை காட்டும், வேர் குழாய்க்குள் போகும். கன்று ஐந்தடி உயரமும் கட்டைவிரல் பருமனும் இருக்கட்டும். பெரிய மரமாகும் கன்றுகளுக்கு இடையில் இருபது அடி, சாக்கடைச் சுவரிலிருந்து மூன்றடி, விளக்குக் கம்பத்திலிருந்து பத்தடி தள்ளி நடுங்கள்.

குழி இரண்டடி அகலம், இரண்டரை அடி ஆழம். சத்துவாச்சாரி மலையடிவாரம் போலக் கல் கிடக்கும் இடமானால் மூன்றுக்கு மூன்று. நடுவதற்குப் பத்து நாள் முன்பே வெட்டி வெயிலில் ஆறவிட்டு, மேல்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு ஒரு பங்கு, கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். எரு மக்காமல் சூடாக இருந்தால் வேர் வெந்துபோகும், கரையானும் வரும். பிளாஸ்டிக் கவரை பிளேடால் கீறி முழுவதும் எடுக்க வேண்டும். அடியை மட்டும் கிழித்துவிட்டு அப்படியே இறக்குவது அடிக்கடி நடக்கும் தப்பு. அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னாளில் அந்த வேரே தண்டை இறுக்கும். கவரில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் குழியிலும். தண்டைப் புதைத்தால் அழுகும். ஏழடி சவுக்குக் கழியை ஒட்டினாற்போல் ஊன்றி, தேங்காய்நார்க் கயிற்றை எட்டு வடிவில் இரண்டு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள்.

கூண்டு ஐந்தரை அடிக்குக் குறையக் கூடாது. ஆடு பின்னங்காலில் நின்று கழுத்தை நீட்டும். கம்பி இடைவெளி மூன்று அங்குலத்துக்கு மேல் இருந்தால் சுற்றிப் பச்சை வலை கட்டுங்கள்.

தண்ணீர்: முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து லிட்டர். பிப்ரவரி முதல் ஜூன் வரை வாரம் இருமுறை இருபது லிட்டர், மாலையில். தினமும் ஒரு செம்பு தெளிப்பது உதவாது. ஈரம் மேலேயே நின்றால் வேரும் மேலேயே நிற்கும். அரிசி கழுவிய தண்ணீர், ஏசித் தண்ணீர் ஊற்றலாம். ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு அதிகம். தொடர்ந்து ஊற்றினால் இலை நுனி பழுப்பாகக் கருகும். ஊருக்குப் போகிறவர்களுக்கு வழி, பானை. எட்டு லிட்டர் மண்பானையைக் கன்றிலிருந்து ஒரு அடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து நிரப்பினால், பானைச் சுவர் வழியாகவே ஈரம் கசியும். ஓட்டை போடத் தேவையில்லை. மெருகு பூசிய பானை கசியாது, மண்பாண்டத்துக்குப் பேர்போன கரிகிரியில் வாங்கினாலும் மெருகில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். வாயைத் தட்டால் மூடியே ஆக வேண்டும்; திறந்து கிடந்தால் டெங்குக் கொசுவை நாமே வளர்த்ததாகிவிடும். நம்மூர் உப்புத் தண்ணீரில் ஒரு கோடை போனதும் துளைகள் அடைபடும். எடுத்து நாரால் தேய்த்துவிட்டு மறுபடி புதையுங்கள். பெருக்கிய இலைகளைக் கொளுத்தாமல் பாத்தியில் மூன்று அங்குலம் பரப்புங்கள், தண்டை ஒட்டி நான்கு விரற்கடை மட்டும் விட்டுவிட்டு.

இலை எல்லாம் உதிர்ந்துவிட்டதா? உடனே பிடுங்காதீர்கள். நகத்தால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. புங்க இலையில் பரு போலப் புடைத்திருப்பது சிலந்திப்பேன் வேலை, பார்க்கத்தான் அசிங்கம். மார்கழி வாக்கில் வேம்பின் கொழுந்துகள் கருகி மரமே பட்டதுபோல் நிற்கும். பெரும்பாலும் பங்குனிக்குள் துளிர்த்துவிடும். மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள்.

கூண்டில் எண் எழுதி, அதே எண்ணில் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தையில் ஒருமுறை, ஆனியில் ஒருமுறை நடந்துபோய் எண்ணுங்கள். அப்படிப் போகும்போது கயிற்றுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் அங்கேயே அவிழ்த்துக் கட்டுங்கள். மூன்றாம் வருடம் தண்டு கூண்டுக் கம்பியைத் தொடுவதற்குள் கூண்டைக் கழற்றி அடுத்த குழிக்குக் கொண்டுபோங்கள்.