கம்பளிப்பூச்சி மேலே பட்டுவிட்டால்: முதல் ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியவை

போன மழைக்காலத்தில் ரோஜாச் செடியில் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டின் உள்பக்கம் சுருக்கென்றது. முள்தான் குத்திவிட்டது என்று நினைத்து மறு கையால் பரபரவென்று தேய்த்துவிட்டேன். இலையைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு கம்பளிப்பூச்சி. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இருந்த எரிச்சல், தேய்த்த தேய்ப்பில் முழங்கை வரை ஏறியது. தேய்த்த விரல்களும் தடித்துப்போயின. இரண்டு நாள் தூக்கமில்லை.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் இது ஒருநாள் நடக்கும். அதனால்தான் ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

படி 1: தேய்க்காதீர்கள், சொறியாதீர்கள்

கம்பளிப்பூச்சி கடிப்பதில்லை. அதன் உடம்பில் இருக்கும் சுணைதான் வேலையைக் காட்டுகிறது. சில இனங்களில் சுணை உள்ளே துளையுள்ள முள் போல இருக்கும். அடியில் நஞ்சுப் பை இருக்கும். வேறு சிலவற்றில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொடி முடிகள். பட்டதும் ஒடிந்து தோலில் செருகிக்கொள்ளும். தேய்த்தால் செருகியவை இன்னும் ஆழமாக இறங்கும், மேலோட்டமாக இருந்தவை பக்கத்துத் தோலுக்குப் பரவும். கையில் கிடைத்த இலையைக் கசக்கித் தேய்ப்பதும், துணியால் அழுத்தித் துடைப்பதும் இதே தவறுதான்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் இருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்றுவது பெரும்பாடு.

படி 2: பூச்சி இன்னும் மேலே இருந்தால்

விரலால் சுண்டிவிடத்தான் தோன்றும். வேண்டாம். ஒரு குச்சியையோ கெட்டியான காகிதத்தையோ அதன் அடியில் நுழைத்து, அப்படியே தூக்கி எடுங்கள். நசுக்கவும் கூடாது; நசுக்கினால் சுணை முழுக்க உங்கள் தோலில்தான் இறங்கும். சட்டைக்குள் விழுந்திருந்தால் சட்டையை உதறாமல் மெதுவாகக் கழற்றுங்கள். முடிந்தால் பூச்சியை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் உதவும்.

படி 3: டேப் ஒட்டி எடுங்கள்

எல்லாப் படியிலும் முக்கியமானது இதுதான். சாதாரண செலோ டேப் போதும். ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்து, பட்ட இடத்தில் மெதுவாக ஒட்டி, ஒரே பக்கமாக இழுத்து எடுங்கள். அடுத்த முறைக்குப் புதுத் துண்டு. பழையதையே திரும்ப ஒட்டினால் எடுத்த சுணையைத் தோலுக்கே திருப்பித் தருகிறீர்கள். எடுத்த துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பொன் தூசி போல மினுமினுக்கும். நான் ஆறேழு துண்டு ஒட்டிய பிறகுதான் டேப் சுத்தமாக வந்தது. அந்த மினுமினுப்பு நிற்கும்வரை விடாதீர்கள்.

கண்ணிலோ வாயிலோ உதட்டிலோ டேப் வைக்கவே கூடாது.

படி 4: கழுவுங்கள்

ஓடும் தண்ணீரில், சோப்பு போட்டு, தேய்க்காமல். துண்டால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள்.

படி 5: எரிச்சலை அடக்குங்கள்

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசுவதும் உண்டு. அரிப்புக்கு காலமைன் லோஷன் அல்லது 1% ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு. அரிப்பு தாங்கவில்லை என்றால் செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரை கைகொடுக்கும், ஆனால் தூக்கம் வரலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் தர வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

மூச்சுத் திணறல், உதடோ நாக்கோ முகமோ வீங்குதல், தலைசுற்றல்: உடனே அவசர சிகிச்சைக்கு. கண்ணில் பட்டிருந்தால் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு நேரே கண் மருத்துவரிடம் போங்கள். சுணை கருவிழிக்குள் துளைத்துப் போகக்கூடியது. உறுத்தல் குறைந்தாலும் காட்டியே ஆக வேண்டும். குழந்தை பூச்சியை வாயில் வைத்துவிட்டாலும் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள்.

தென் அமெரிக்காவில் லோனோமியா என்றொரு இனம் உண்டு. அதன் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுத்து உயிரையே எடுக்கக்கூடியது. பிரேசிலின் புட்டான்டன் நிறுவனம் அதற்கென்றே முறிமருந்து தயாரிக்கிறது. அந்தப் பகுதியில் இருப்பவர்கள் சுணை பட்டபின் ஈறில் இரத்தம் கசிந்தாலோ உடம்பில் காரணமில்லாமல் கன்றிப்போனாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

படி 6: அப்புறம், செடிக்கு வருவோம்

கை சரியான பிறகு, முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு போங்கள். இலைக்கு மேலே மிளகு போன்ற கறுப்பு எச்சம் கிடந்தால், அதற்கு நேர் மேலே உள்ள இலைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒன்று இருந்தால் பக்கத்தில் கூட்டமாக இருக்கவும் கூடும். முருங்கை மரத்தில் பட்டையோடு பட்டையாக அப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இலையோடு நறுக்கி சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடலாம். தீ வைத்துக் கொளுத்தாதீர்கள், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சுணை காற்றில் பறந்து கண்ணுக்கும் மூக்குக்கும் வரும். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் ஒன்றிரண்டு இருந்தால் நான் விட்டுவிடுவேன். குயில் இனப் பறவைகள் கம்பளிப்பூச்சிகளை விரும்பித் தின்னும்.

எல்லாப் புழுவும் எதிரியில்லை. எலுமிச்சைச் செடியில் வழவழப்பாக இருக்கும் பச்சைப் புழு, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவை போல ஒன்றை நீட்டி நாற்றம் விடும். அவ்வளவுதான், சுணை கிடையாது; பிறகு அழகான வண்ணத்துப்பூச்சி ஆகிவிடும். முடியோ முள்ளோ இருப்பதை மட்டும், பெயர் தெரியும்வரை, கையால் தொடாதீர்கள்.

கடைசியாக, அன்று போட்டிருந்த துணிகளைத் தனியாக வெந்நீரில் துவையுங்கள். கிளையில் ஒட்டியிருக்கும் பழைய கூடு, உரித்துப்போட்ட தோல் இவற்றையும் வெறுங்கையால் எடுக்க வேண்டாம். ஐரோப்பாவில் ஓக் மரங்களில் கூட்டமாக ஊரும் ஓர் இனத்தின் காலிக் கூட்டில் இருக்கும் சுணை, பூச்சி போய்ப் பல வருடம் கழித்தும் அரிப்பைத் தருகிறது.