பூர்ணையாவின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹைதர் அலி, திப்பு சுல்தான், மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் என மூன்று ஆட்சிகளில் மைசூரின் கணக்கும் கஜானாவும் பார்த்தவர் பூர்ணையா. ஆய்வேட்டுக்கோ ஊர் மலருக்கோ அவரை எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் திப்பு விழுந்த 1799 மே 4-இல் ஆரம்பிக்கிறார்கள். அங்கே ஆரம்பித்தால் ‘துரோகியா, சாமர்த்தியசாலியா’ என்ற பட்டிமன்றத்தைத் தாண்டிக் கட்டுரை நகராது. நம் பக்கத்திலிருந்து எழுதுபவர்கள் 1792-இல் நுழைவதே நல்லது.

கிழக்கிந்தியக் கம்பெனியோடு நடந்த போரில் தோற்று அந்த ஆண்டு மார்ச்சில் போட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்புவின் நாடு ஏறக்குறையப் பாதியாயிற்று. தண்டம் 3 கோடியே 30 லட்சம் ரூபாய். அது கட்டி முடியும்வரை இரண்டு மகன்கள் பிணை. பாராமகால், அதாவது நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துச் சீமை, கம்பெனி கைக்குப் போயிற்று. ஓசூர்ச் சீமை மட்டும் 1799 வரை மைசூரோடு இருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து ரயத்வாரித் தீர்வைக்கு (உழவரிடமே நேராக வாங்கும் நிலவரிக்கு) அடிபோட, அந்தப் பக்கம் திப்புவின் அரசு சுருங்கிய நாட்டை வைத்துக்கொண்டு பெரிய கடனை அடைக்க வேண்டியிருந்தது. அரசு உள்ளுக்குள் உளுத்தது இந்த ஏழு ஆண்டுகளில்தான். உங்கள் நடு அத்தியாயம் இதுவாகட்டும்.

எழுதுவதற்கு முன் நான்கு நெடுவரிசைகளில் ஒரு காலவரிசைத் தாள் போடுங்கள்: நாள், இடம், அப்போது பூர்ணையா பார்த்த வேலை, தகவல் சொன்னவர் யார் பக்கத்து ஆள். நான்காவது நெடுவரிசையைத்தான் எல்லோரும் காலியாக விடுவார்கள். கட்டுரை சாய்வதும் அதனால்தான். உதாரணத்துக்கு, மைசூர் வரலாறு எழுதிய மார்க் வில்க்ஸ் கம்பெனியின் ரெசிடெண்டாக (அரசவையில் கம்பெனியின் பிரதிநிதியாக) மைசூரில் இருந்தவர். அவர் திப்புவைத் திட்டுவதையும் திவான் பூர்ணையாவைப் புகழ்வதையும் அந்த நாற்காலியைக் கணக்கில் வைத்தே படிக்க வேண்டும். ஹைதர் இறந்த 1782 டிசம்பர் 7-ஐ முதலில் குறியுங்கள். மலபாரிலிருந்து திப்பு வந்து சேரும்வரை அந்தச் சாவு வெளியே தெரியாமல் காத்தவர்களில் பூர்ணையாவும் ஒருவர்.

தேதி மாற்றும்போது கவனம். திப்பு நடுவில் ஹிஜ்ரியை விட்டுவிட்டு மவ்லூதி என்ற புது ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தார். அதில் 1226 என்றால் 1798-99. ஹிஜ்ரி என்று நினைத்து மாற்றினால் 1811 வரும், அதாவது திப்பு இறந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து அவர் உத்தரவு போட்டதாகிவிடும். நாணயங்களில் எண்களை வலமிருந்து இடமாகவும் பொறித்திருப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்திலும் இதே வம்பு. திப்புவுக்குப் பின் வந்த உடையார் அரசு கம்பெனிக்கு ஆண்டுதோறும் கட்ட ஒப்புக்கொண்டது 7 லட்சம் ஸ்டார் பகோடா, அதாவது கம்பெனியின் பொன் வராகன். ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் வீதம் அது 24.5 லட்சம் ரூபாய். மைசூரின் கண்டீரவ வராகனுக்கு மதிப்பு வேறு என்பதால், ‘வராகன்’ என்று மொட்டையாக எழுதினால் கூட்டல் உதைக்கும். எந்த வராகன் என்று ஒவ்வொரு இடத்திலும் போடுங்கள்.

களத்துக்கு ராயக்கோட்டை போதும். தர்மபுரி–ஓசூர் பாதையில் ரயில் நிற்கும் ஊர்தான். 1791-இல் கம்பெனி பிடித்த இந்த மலைக்கோட்டை வழியாகவே 1799-இல் ஜெனரல் ஹாரிஸின் கம்பெனிப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கி மேற்கே போயிற்று. வெயிலுக்கு முன் ஏறி, எந்தத் திசையில் எந்தப் பாதை தெரிகிறது என்று ஒரு கைவரைபடம் போட்டுக்கொண்டால் உடன்படிக்கையின் எல்லைக்கோடு சட்டென்று புரியும். கிருஷ்ணகிரிக் கோட்டைக்கும் போகலாம், ஆனால் 1791 நவம்பரில் அங்கே கம்பெனியின் தாக்குதல் தோற்றதை விட்டுவிடாதீர்கள். நம் ஊர் மலர்களில் அது எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

ஆவணத்துக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மாணவர்கள் கல்லூரிக் கடிதத்தோடு போவது நல்லது. பாராமகால் ஆவணங்கள் அச்சுத் தொகுதிகளாகவே வந்திருக்கின்றன. அவற்றில் பூர்ணையாவின் பெயரைத் தேடி நேரத்தைக் கழிக்காமல், கம்பெனி வருமுன் இங்கே தீர்வை எப்படி வசூலானது என்ற பகுதிகளைப் படியுங்கள். அவர் நடத்திய நிர்வாகத்தின் அடித்தட்டு அங்கேதான் கிடைக்கும்.

1799-க்குப் பிந்தியதைச் சுருக்கலாம். சிறுவன் கிருஷ்ணராஜர் ஜூன் 30-இல் பட்டமேறியது, பூர்ணையா 1811 வரை திவானாக ஆண்டது, ஸ்ரீரங்கப்பட்டணத்து வெல்லெஸ்லி பாலம், 1807-இல் அவருக்குக் கிடைத்த ஏளந்தூர் ஜாகீர் (மானிய நிலம்), 1812-இல் மரணம். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.