ஏஐக்கு எதைக் கொடுக்கக்கூடாது? தொண்டு நிறுவனத்தில் அங்கிருந்து தொடங்குங்கள்

நான் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நன்றிக் கடிதம், ஆண்டறிக்கை, பயனாளிகளின் எக்செல் கோப்பு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். கேட்டதை எழுதித் தரும் ஏஐ செயலியான சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளியானது. எங்கள் அலுவலகத்துக்குள் அதை யாரும் முறைப்படி கொண்டுவரவில்லை, அதுவாகவே நுழைந்துவிட்டது. ஒரு நாள் பார்த்தால், உதவி கேட்டு வந்தவர்களின் பட்டியலைப் பெயர், கைபேசி எண், நோய் விவரத்தோடு அப்படியே ஒட்டி, "இதை ஒழுங்குபடுத்து" என்று கேட்டிருக்கிறார் சக ஊழியர் ஒருவர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மறுநாள் காலை அறிக்கை போயாக வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் முதல் வேலை, யார் எதற்கு ஏஐயைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்பது. விசாரணை மாதிரி கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். நான் செய்த தவறுகளை முதலில் சொன்னேன். அப்புறம்தான் மற்றவர்கள் பேசினார்கள்.

அடுத்து, எது உள்ளே போகக்கூடாது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெயர், முகவரி, அடையாள எண், மருத்துவ விவரம், குழந்தைகளின் படம், நன்கொடையாளரின் வங்கிக் கணக்கு. பெயரை மட்டும் நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். "இரட்டைக் குழந்தைகளோடு தனியாக வாழும் பார்வையற்ற பெண்" என்று எழுதினால், அவரைத் தெரிந்தவர்களுக்குப் பெயரே தேவையில்லை. இலவசக் கணக்குகள் பலவற்றில், நாம் தட்டுவதை அந்த ஏஐ நிறுவனம் தன் ஏஐயைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்ளலாம். செயலியின் செட்டிங்ஸில் போய் அதை அணைத்து வைக்க முடியுமா என்று பாருங்கள். தகவல் நம் கையைவிட்டுப் போனபின் யார் கைக்குப் போகும் என்பது நம் பொறுப்பில் இருக்காது. 2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் தரவுகள் திருடுபோயின. 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள். அவர்களில் பலர் போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள். அந்தத் திருட்டுக்கும் ஏஐக்கும் தொடர்பில்லை. ஆனால் நாம் வைத்திருக்கும் பட்டியல் எப்படிப்பட்டது என்பதை அது காட்டியது. கஷ்டத்தில் இருக்கும்போது நம்மை நம்பிச் சொன்ன விவரம் அது.

யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்ற முடிவை ஏஐயிடம் விடவே கூடாது. உதவித்தொகை விண்ணப்பங்களுக்கு அது மதிப்பெண் போட்டால் எப்படி இருக்கும் என்று பழைய விண்ணப்பங்கள் பத்தை, பெயர் நீக்கி, விவரத்தையும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். அழகாக எழுதத் தெரிந்தவர்கள் மேலே போனார்கள். நாலு வரியில் நிலைமையைச் சொன்னவர்கள் கீழே போனார்கள். எங்களுக்கு அதிகம் தேவைப்பட்டவர்களே அந்த நாலு வரிக்காரர்கள்தான். நிராகரிக்கிறோம் என்றால், ஏன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

மொழிபெயர்ப்புக்கு நான் நிறையவே பயன்படுத்துகிறேன். ஆனால் ஒப்புதல் படிவத்தில் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். "எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்" என்று வரவேண்டிய வரி, "எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம்" என்று வந்திருந்தது! ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'withdraw' என்ற ஒரே சொல். களப்பணியாளர் ஒருவர் சத்தமாக வாசித்ததால்தான் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து மக்கள் கையெழுத்துப் போடும் எந்தத் தாளையும் ஒருவர் வாய்விட்டுப் படித்த பிறகே அச்சுக்கு அனுப்புகிறோம்.

மக்களின் கேள்விகளுக்கு நேரடியாகத் தானே பதில் சொல்லும் மென்பொருளான சாட்பாட் வைக்க ஆசை வந்தால் நிதானியுங்கள். உணவு தொடர்பான மனநலக் கோளாறு உள்ளவர்களுக்கு உதவும் அமெரிக்க அமைப்பு நீடா. அதன் 'டெஸ்ஸா' சாட்பாட், அப்படிப்பட்டவர்களுக்கே எடை குறைக்க யோசனை சொல்லப்போய், 2023இல் நிறுத்தப்பட்டது. எங்களைப் போன்ற சிறிய இடத்துக்கு, அலுவலக நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் சொல்லும் பாட் போதும் என்பது என் கருத்து.

படங்களிலும் இதே எச்சரிக்கை. கொலம்பியாவின் 2021 போராட்டங்களைப் பற்றி ஏஐ உருவாக்கிய படங்களை மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2023இல் வெளியிட்டது. செயற்கைப் படம் என்று குறிப்பு போட்டிருந்தும் கண்டனம் எழுந்து, அவற்றை எடுக்க வேண்டியதாயிற்று. ஏஐ வரைந்த அழும் குழந்தையைக் காட்டி நன்கொடை கேட்டால், அடுத்து நாம் காட்டும் உண்மைப் படத்தை யார் நம்புவார்கள்? படமே இல்லாமல் ஒரு பத்தி எழுதிவிடுவது மேல்.

சரி, எதற்குத்தான் பயன்படுத்துவது? கூட்டக் குறிப்பைச் சுருக்க, எக்செல் சூத்திரம் எழுத, நீளமான திட்ட முன்மொழிவை வெட்ட. வந்த எண்கள் ஒவ்வொன்றையும் மூலக் கோப்போடு ஒப்பிடுங்கள், இல்லாத புள்ளிவிவரத்தைக்கூட அது தயங்காமல் எழுதித் தரும். வெளியே போகும் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஒருவரின் பெயர் இருக்கட்டும்.

தவறுகளை எழுத ஒரு நோட்டும் வைத்திருக்கிறோம். அதில் கடைசியாக எழுதியது நான்தான். மறைந்த தந்தையின் நினைவாக ஒருவர் கொடுத்த நன்கொடைக்கு ஏஐயிடம் நன்றிக் கடிதம் கேட்டிருந்தேன். "உங்கள் தந்தையிடமும் எங்கள் வணக்கத்தைத் தெரிவியுங்கள்" என்று முடித்திருந்தது. உறையை ஒட்டுவதற்கு முன்னால் பார்த்துவிட்டேன்.