ஆக்சஸிலிருந்து பேஸுக்கு மாறுகிறவர்கள் முதல் திரையிலேயே செய்யும் தவறு

போன மாதம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணினியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸில் இருந்த உறுப்பினர் பதிவேட்டை, அதேபோன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் பேஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பேஸ் திறந்ததும் ஒரு திரை வரும். அதில் முதல் வழி ஏற்கெனவே தேர்வாகி நிற்கும். அவர் அதைப் படிக்காமலே 'அடுத்து' அழுத்தினார். பல வருடங்களுக்கு முன் நான் அழுத்தியதும் அதே பொத்தான்தான். காப்பு நகல் எடுப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தரவை ஓடிபி கோப்புக்குள்ளேயே வைப்பது

அந்த முதல் வழி 'புதிய தரவுத்தளத்தை உருவாக்கு'. அப்படியே விட்டால், தரவைச் சேமித்துத் தேடித் தரும் எச்எஸ்க்யூஎல்டிபி என்ற இன்ஜின், பேஸின் கோப்பான ஓடிபிக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஓடிபி என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. நகல் ஒன்றை எடுத்து, பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள்: ஃபார்ம்களுக்கு ஒரு ஃபோல்டர், ரிப்போர்ட்டுகளுக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று. திறக்கும்போது பேஸ் இந்த மூட்டையைப் பிரிக்கிறது. சேமிக்கும்போது அல்லது மூடும்போதுதான் திரும்பக் கட்டுகிறது. நடுவில் கரண்ட் போனால், பிரித்து வைத்தது போனதுதான்.

ஆக்சஸ் பழகிய கைக்கு இது தெரியவே தெரியாது. ஆக்சஸில் அடுத்த வரிக்கு நகர்ந்ததும் இடது ஓரத்துப் பென்சில் படம் மறையும். அந்தப் பதிவு ஆக்சஸின் எம்டிபி கோப்பில் ஏறிவிட்டது என்று அர்த்தம். பேஸிலும் அதே பென்சில், அதே இடத்தில் மறைகிறது. ஆனால் ஓடிபி கோப்பு இன்னும் பழையபடியே இருக்கிறது.

நான் மாற்றிக் கொடுத்த ஒரு சிறு நூலகத்தில் அக்கா ஒருவர் காலையிலிருந்து புதுப் புத்தகங்களைப் பதிந்துகொண்டிருந்தார். மாலை நான்கு மணிக்குக் கரண்ட் போனது, யூபிஎஸ் தாங்கவில்லை. திரும்பத் திறந்தபோது அன்றைய பதிவு ஒன்றுகூட இல்லை. "ஒவ்வொண்ணையும் சேவ் பண்ணிட்டுத்தானே தம்பி அடுத்ததுக்குப் போனேன்?" என்று கேட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு மாதம் கழித்து, மூடும் நேரத்தில் கரண்ட் போனது. இந்த முறை கோப்பே திறக்கவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து, பழைய எம்டிபியையும் கைப்பதிவேட்டையும் வைத்து மீட்டோம். இன்றும் யாராவது அந்தத் திரையைப் பார்க்காமல் தாண்டினால் எனக்குப் பொறுக்காது.

செய்ய வேண்டியது இதுதான். தரவை போஸ்ட்கிரெஸ் அல்லது மரியாடிபி போன்ற தனித் தரவுத்தள சர்வரில் வையுங்கள். ஒரே கணினி என்றாலும் பரவாயில்லை, அதிலேயே நிறுவலாம். பேஸின் முதல் திரையில் 'ஏற்கெனவே உள்ள தரவுத்தளத்துடன் இணை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஓடிபியில் ஃபார்ம், க்வெரி (தேடல் கட்டளை), ரிப்போர்ட் மட்டும்தான் இருக்கும். அது கெட்டாலும் தரவு தப்பும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதியவும் முடியும். உள்ளே தரவு வைத்த ஓடிபியை இரண்டாமவர் திறந்தால் படிக்க மட்டுமே கிடைக்கும்.

ஏற்கெனவே உள்ளே வைத்துவிட்டவர்கள் அந்தப் பழைய ஓடிபியையும் சர்வருடன் இணைத்த புதிய ஓடிபியையும் அருகருகே திறந்து, டேபிளை இங்கே நகலெடுத்து அங்கே ஒட்டலாம். டேபிள்களுக்கு இடையிலான உறவுகள் அதோடு சேர்ந்து வராது, அவற்றைத் திரும்பப் போட வேண்டும்.

ஃபார்மும் ரிப்போர்ட்டும் கூடவே வரும் என்று நம்புவது

ஆக்சஸிலிருந்து அவை வராது. அதில் எழுதிய விபிஏ (மேக்ரோ மொழி) நிரலும் வராது.

தமிழை ஏற்றுமதி செய்யும்போது குறிமுறையைப் பார்க்காதது

ஆக்சஸிலிருந்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) எடுக்கும்போது, நம் ஊர்க் கணினிகள் பலவற்றில் எழுத்துகளை எண்களாகச் சேமிக்க மேற்கு ஐரோப்பியக் குறிமுறைதான் தயாராக நிற்கும். அப்படியே விட்டால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அந்த சிஎஸ்வியிலிருந்து அவற்றை மீட்க வழியே இல்லை. மேம்பட்ட அமைப்பில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். மேக்ரோ வழியாக எடுத்தால் குறிமுறை எண் 65001.

பழைய க்வெரியை அப்படியே ஒட்டுவது

தேடலில் 'இங்கே எதுவும் வரலாம்' என்பதற்கு ஆக்சஸில் நட்சத்திரக் குறி; போஸ்ட்கிரெஸில் சதவீதக் குறி. தேதியை ஹேஷ் குறிகளுக்கு நடுவே எழுதிய பழக்கத்தையும் விட வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை ஆக்சஸ் கண்டுகொள்ளாது. போஸ்ட்கிரெஸ் இரண்டையும் வேறாகவே பார்க்கும். தமிழில் அந்தப் பேதம் இல்லாததால் பெயர்த் தேடல் சரியாக நடக்கும், உறுப்பினர் எண்ணின் முன்னெழுத்தில்தான் மாட்டுவீர்கள். சங்கத்துத் தம்பியும் அங்கேதான் மாட்டினார்.

ஆட்டோநம்பரை மறப்பது

1 முதல் 3,200 வரை பதிவுகளை ஏற்றிவிட்டீர்கள் என்று வையுங்கள். ஆட்டோநம்பர், அதாவது புதுப் பதிவுக்குத் தானாக எண் தரும் வரிசை, இன்னும் 1-லேயே நிற்கும். புதிதாகச் சேர்க்கும் முதல் உறுப்பினருக்கே 'இந்த எண் ஏற்கெனவே உள்ளது' என்ற பிழை வரும். ஏற்றி முடித்த கையோடு வரிசையை 3,201-க்கு நகர்த்துங்கள்.

பழைய எம்டிபியை அழிப்பது

ஒரு முழுக் கணக்காண்டு முடியும்வரை வேண்டாம்.