காட்டோர வீட்டின் காப்பீட்டுத் தொகை போதுமா என்று சரிபார்க்கும் முறை

குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கிய நாளிலிருந்து, காய்ந்த புற்சரிவில் நெருப்பு எவ்வளவு விரைவாக மேலேறும் என்பதைப் போடி, கம்பம் பக்கத்தாரும், மலைக்கு அந்தப்புறம் கேரளத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் நன்கு அறிவார்கள். ஆயினும், வீட்டுக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டால், ‘பேங்கில் லோன் போடும்போதே எடுத்துவிட்டார்கள்’ என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தத் தாளை மாசி பிறப்பதற்குள் ஒருமுறை எடுத்துப் படிப்பது நல்லது.

முதலில் பாலிசியின் பெயரையும் அது தொடங்கிய ஆண்டையும் பாருங்கள். பழைய பொதுத் தீக்காப்பீட்டு விதிகளில் புதர்த்தீக்கு இழப்பீடு உண்டு. காட்டுத்தீக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்தால்தான் உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நடைமுறைப்படுத்திய ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்னும் பொதுப் பாலிசியில் புதர்த்தீ, காட்டுத்தீ இரண்டும் அடங்கும். மலைவீட்டுக்கு வேண்டிய நிலச்சரிவும் அதிலேயே உண்டு. அதற்கு முன் எடுத்த நீண்டகாலப் பாலிசி வைத்திருப்பவர்கள், காட்டுத்தீ சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம். அரசு அதிகாரியின் உத்தரவின்பேரில் ஒரு பொருள் எரிக்கப்பட்டால் அந்த இழப்பு இந்த இருவகைப் பாலிசியிலும் சேராது என்பதையும் காட்டோரத்தில் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது தொகை, பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுவே. வீட்டை விற்றால் என்ன கிடைக்கும் என்பதோ, வங்கிக்கு எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதோ இங்கே கணக்கில்லை. நிலம் எரிவதில்லை, ஆகவே மண்ணின் விலையை விட்டுவிட்டு, அதே இடத்தில் அதே வீட்டை இன்று மீண்டும் எழுப்ப என்ன செலவாகும் என்பதை மட்டுமே எழுத வேண்டும். உதாரணத்துக்கு, வீட்டின் கார்பெட் ஏரியா (சுவர்களுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) 800 சதுர அடி, உள்ளூர்க் கொத்தனார் சொல்லும் கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 20 லட்சம் ஆகிறது. கடன் பாக்கி 8 லட்சம் என்பதால் வங்கி 8 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு எடுத்திருந்தால், வீடு முழுவதும் எரிந்தாலும் அந்த 8 லட்சத்துக்கு மேல் வராது, அதுவும் கடனுக்கே போய்விடும். கட்டுமானச் செலவைத் தேனியில் விசாரித்து எழுதிவிடாதீர்கள். போடி மெட்டு ஏறும்போது சிமெண்ட் மூட்டையோடு அதன் விலையும் சேர்ந்தே ஏறுகிறது. சுற்றுச்சுவர், சரிவைத் தாங்கும் தடுப்புச்சுவர், தண்ணீர்த் தொட்டி, சோலார் தகடு ஆகியவற்றின் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

எழுதிய தொகை குறைவாக இருக்கிறது என்பதைக் காட்டி இழப்பீட்டை விகிதப்படி வெட்டும் பழைய வழக்கம் கிருஹ ரக்‌ஷாவில் இல்லை. எனினும் அந்தத் தொகையே உச்சவரம்பு. ஓராண்டுக்கு மேற்பட்ட பாலிசியில் கட்டடத்துக்கான தொகை ஆண்டுதோறும் 10 சதவீதம் தானாக உயரும். வருடாவருடம் புதுப்பிப்பவர்களுக்கு அந்த வசதி இல்லையாதலால், புதுப்பிக்கும்போது அவர்களே உயர்த்த வேண்டும்.

வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்ச ரூபாய் வரம்புக்குள், தானாகவே சேரும். அதற்கு மேல் வேண்டுமானால் பட்டியல் கொடுக்க வேண்டும். நகைக்குத் தனிப்பிரிவு உண்டு, ரொக்கத்துக்கு எதுவும் கிடையாது. இடிபாடுகளை அகற்ற இழப்பீட்டில் 2 சதவீதம்தான் தருவார்கள், லாரி ஏறாத சரிவில் அது போதாது என்று இப்போதே எண்ணிக்கொள்ளலாம். தீக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கியவர்களுக்கு ஒரு சிறு ஆறுதல்: தீயால் சேதம் நேர்ந்து ஏழு நாட்களுக்குள் அதையொட்டித் திருட்டு நடந்தால் அதற்கும் இழப்பீடு உண்டு.

ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் குறிப்பாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டை ஒட்டியே காய் உலர்த்தும் ஸ்டோர் இருந்தால், அது தொழில் இடம். வீட்டுப் பாலிசி அதைக் காப்பாற்றாது, உள்ளே அடுக்கியிருக்கும் காயையும் காப்பாற்றாது. அதற்குச் சிறுதொழில்களுக்கான தனிப் பாலிசி எடுக்க வேண்டும். ஸ்டோரை மறைத்து ‘குடியிருப்பு’ என்று மட்டும் எழுதிக்கொடுப்பது, தீயை அணைத்த பிறகு சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து நிற்கும்போது முழு இழப்பீட்டுக்கும் உலை வைக்கும். கூரையில் புல்லோ ஓலையோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வோர் அறையையும், அலமாரிகளைத் திறந்து வைத்து, கைபேசியில் படம்பிடித்து, வெளியூரில் இருக்கும் உறவினருக்கு அனுப்பி வையுங்கள். பாலிசியின் படத்தையும் கட்டட வரியின் ரசீதையும் அதோடு சேருங்கள். வீடு எரியும்போது பீரோவும்தான் எரியும்.

இழப்பீட்டில் தகராறு வந்தால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) கட்டணமின்றிப் போகலாம். எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இதில் தேர்வு உண்டு: முறையிடுபவரின் வீட்டு முகவரியோ, பாலிசி தந்த கிளையோ எந்த எல்லைக்குள் வருகிறதோ அங்கே மனு கொடுக்கலாம் என்பதால், உடும்பன்சோலையில் குடியிருந்து தேனிக் கிளையில் பாலிசி எடுத்தவர் கொச்சியிலும் கொடுக்கலாம், தமிழில் எழுதிச் சென்னையிலும் கொடுக்கலாம்.