வசந்தம் சேனல் கட்டம் கட்டமாக உடைகிறதா? வீட்டு ஆன்டெனா சிக்னலைச் சரிசெய்யும் முறை

சிங்கப்பூரில் டிஷ் வைக்க உரிமம் வேண்டும். அதனால் இங்கே பெரும்பாலான வீடுகளில் "சிக்னல் சரியில்லை" என்றால், டிவிக்குப் பக்கத்தில் நிற்கும் சின்ன ஆன்டெனாவைத்தான் சொல்கிறார்கள். பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 ஜனவரி 2ஆம் தேதி நின்றது. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக மங்கும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் ஓர் அளவு வரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அதற்குக் கீழே ஒரு துளி இறங்கினாலும் முகங்கள் கட்டங்களாக உடையும், குரல் அறுந்து அறுந்து கேட்கும், பிறகு திரை கறுத்துவிடும். உங்கள் ஆன்டெனா அந்த விளிம்பிலேயே நிற்கிறது என்றால், யாராவது குறுக்கே நடந்தாலே படம் போய்விடும். அதை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி வைப்பதுதான் இங்கே வேலை. பல வீடுகளில் இதற்குக் காசே செலவாகாது.

முதலில், கோளாறு வீட்டில்தானா?

கைபேசியில், இந்தச் சேனல்களை இணையத்தில் காட்டும் மீவாட்ச் செயலியைத் திறந்து அதே சேனலைப் பாருங்கள். அங்கேயும் உடைந்தால் கோளாறு ஒளிபரப்பில் இருக்கலாம், காத்திருங்கள். அங்கே நன்றாக வந்தால் உங்கள் ஆன்டெனா, வயர், டிவி இந்த மூன்றில் ஒன்றுதான்.

அடுத்து எல்லாச் சேனல்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பல சேனல்கள் ஒரே அலைவரிசையில் சேர்ந்து வருகின்றன. ஒரு கூட்டம் நன்றாக வந்து இன்னொரு கூட்டம் மட்டும் உடைந்தால் ஆன்டெனா இருக்கும் இடம் சரியில்லை. ஒன்றுமே வரவில்லை என்றால் வயரையும் டிவி அமைப்பையும் சந்தேகப்படுங்கள்.

டிவி அமைப்பு

சேனல் தேடும் மெனுவில் 'ஆன்டெனா' என்று இருக்க வேண்டும், 'கேபிள்' என்று இருக்கக் கூடாது. நாடு சிங்கப்பூராக இருக்கட்டும். டிவி, சிங்கப்பூரின் டிஜிட்டல் ஒளிபரப்பு முறையான டிவிபி-டி2 வகையா என்றும் பாருங்கள். பழைய டிவிக்கு செட் டாப் பாக்ஸ் கட்டாயம். டிஜிட்டலுக்கு மாறியபோது அரசு தந்த 100 வெள்ளி பற்றுச்சீட்டில் வாங்கிய பாக்ஸ் இன்னும் வேலை செய்தால் அதுவே போதும்.

சுவரில் இருக்கும் டிவி பாயிண்ட்டில் வயரைச் செருகிவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். எச்டிபி எனும் அரசு அடுக்குமாடி வீடுகளில் அது பெரும்பாலும் ஸ்டார்ஹப் கேபிளுக்குப் போட்ட வயர். அந்தக் கேபிள் சேவை 2019இல் நின்றுவிட்டது, அதில் இனி ஒன்றும் வராது. காண்டோ எனும் தனியார் அடுக்குமாடிகளில் மொட்டை மாடியில் பொது ஆன்டெனா இருக்கலாம், நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள்.

இரண்டு அளவுகளையும் படியுங்கள்

டிவியிலோ பாக்ஸிலோ சிக்னல் காட்டும் பக்கம் ஒன்று இருக்கும். பல டிவிகளில் 'மேனுவல் ட்யூனிங்' பகுதியில் வரும். அங்கே வலிமை, தரம் என்று இரண்டு பட்டைகள் தெரியும். எல்லாரும் வலிமையைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் தரத்தைப் பாருங்கள். வலிமை என்பது ஆன்டெனாவுக்குள் எவ்வளவு சத்தம் வருகிறது என்பது. தரம் என்பது அந்தச் சத்தத்தில் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பது. வலிமை 95, தரம் 20 என்றால் டிவிக்குள் போவது பெரும்பாலும் இரைச்சல், அல்லது அளவுக்கு மீறிய சிக்னல். வலிமை 50, தரம் 90 என்றால் கையை எடுத்துவிடுங்கள், நன்றாகவே இருக்கிறது.

ஆன்டெனாவை நகர்த்துவது

பாதிப் பிரச்சினை இங்கேதான் தீர்கிறது, அவசரப்படாதீர்கள். முக்கிய ஒளிபரப்புக் கோபுரம் புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறது. கைபேசி வரைபடத்தில் உங்கள் வீட்டிலிருந்து அது எந்தத் திசை என்று பார்த்து, அந்தப் பக்கச் சன்னலில் தொடங்குங்கள். அந்தப் பக்கம் எதிர் புளோக் மறைத்தால், வேறு பக்கச் சன்னலில் ஏதோ ஒரு சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் நன்றாகக் கிடைப்பதும் உண்டு.

தொலைக்காட்சி அலையின் நீளம் இங்கே சுமார் 55 செண்டிமீட்டர். வீட்டுக்குள் நேரே வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றை ஒன்று கூட்டும் இடமும் உண்டு, அழிக்கும் இடமும் உண்டு. இந்த இரண்டுக்கும் இடையே கால் அலை தூரம்தான், ஏறக்குறைய 14 செண்டிமீட்டர், அரைச் சாணுக்குச் சற்றுக் கூட. ஆகவே ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குத் தாவ வேண்டாம். ஒரே சன்னலில் ஐந்து ஐந்து செண்டிமீட்டராக நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் கையை எடுத்து, விலகி நின்று, பத்து விநாடி தரப் பட்டையைப் பாருங்கள். உங்கள் உடம்பும் சிக்னலை மறைக்கும். தட்டையான ஆன்டெனா என்றால் நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பாருங்கள்.

தவிர்க்க வேண்டிய இடங்கள்: இரும்பு கிரில்லை ஒட்டி, உலோகப் பூச்சுள்ள சன்னல் பிலிமுக்குப் பின்னால், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில், பாம் ஷெல்ட்டர் எனும் வீட்டுப் பாதுகாப்பு அறையின் சுவர் ஓரத்தில். அந்தச் சுவர் இரும்புக் கம்பி நிறைந்த தடித்த கான்கிரீட், அதைத் தாண்டி அலை எளிதில் வராது. சன்னலுக்கு வெளியே மட்டும் ஒருபோதும் கட்டாதீர்கள். பத்தாவது மாடியிலிருந்து விழுந்தால் கீழே நடப்பவரின் உயிர் போய்விடும்.

வயரும் கனெக்டரும்

சன்னல் தூரமாக இருந்தால் வயரை நீட்டத் தயங்காதீர்கள். நல்ல 75 ஓம் ஆர்ஜி6 வயர் பத்து மீட்டருக்கு ஒன்றரை டெசிபெல் அளவுதான் இழக்கும். ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் இரண்டு வழி ஸ்பிளிட்டரோ மூன்றரை டெசிபெல்லை விழுங்கும், அதாவது சிக்னலில் பாதிக்கும் மேல். தேவையில்லாத ஸ்பிளிட்டரை முதலில் கழற்றிவிடுங்கள். ஆர்ஜி6 வயரும், அதன் முனையில் போடும் எஃப் கனெக்டரும் சிம் லிம் டவர் கடைகளில் கிடைக்கும்.

திருகு வகை எஃப் கனெக்டர் போடும்போது வெளியுறையை 13 மில்லிமீட்டர் சீவி, அதன் கீழுள்ள மெல்லிய கம்பிப் பின்னலைப் பின்பக்கம் மடியுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைக் காப்பை 6 மில்லிமீட்டர் வெட்டுங்கள். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீட்டி நிற்க வேண்டும். பின்னலின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் படம் வராது, வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். பழைய கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் நம் ஊர் ஈரக்காற்று வேலையைக் காட்டிவிட்டது, வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

பூஸ்டர் எப்போது?

சிக்னலைப் பெருக்கும் இந்தக் கருவி எல்லாவற்றுக்கும் பிறகுதான். வாங்கினால் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைப்பதாக வாங்குங்கள். வயரின் டிவி முனையில் வைத்தால், வழியில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். கோபுரத்துக்கு அருகில் இருக்கும் வீடுகளில் பூஸ்டரே நோயாகலாம். வலிமை 100 காட்டித் தரம் சரிந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள்.

ஆன்டெனாவிலேயே பூஸ்டர் இருந்தால் அதற்கு 5 வோல்ட் வேண்டும். யூஎஸ்பி வயர் கழன்றிருந்தால் பூஸ்டர் இல்லாத சாதாரண ஆன்டெனாவைவிட மோசமாக இருக்கும். பாக்ஸ் மெனுவில் உள்ள 'ஆன்டெனா பவர்' இந்த வகைக்கு மட்டும் தேவை, சாதாரண ஆன்டெனாவுக்கு அணைத்து வையுங்கள்.

விட்டு விட்டு வரும் கோளாறு

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் உடைந்தால் எல்இடி விளக்கு, மலிவான சார்ஜர், ஆண்ட்ராய்டு பாக்ஸ் என ஒவ்வொன்றாக அணைத்துத் தரப் பட்டையைப் பாருங்கள். குற்றவாளி அகப்பட்டால் ஆன்டெனாவை அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளுங்கள். பாசிர் ரிஸ் பக்கம் விமானம் தாழப் பறக்கும்போது ஒரு நொடி உடைவது இயல்பு. டிஷ் சிக்னலை விழுங்குவதைப் போல மழை இந்த அலைகளை விழுங்காது. மழை நாளில் மட்டும் படம் போனால் சன்னலோர இணைப்பில் தண்ணீர் இறங்குகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

இடம் முடிவானதும் ஆன்டெனாவை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, சேனல்களை மறுபடி ஒரு முறை தேடவிடுங்கள். ஒட்டிய இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்தால், சன்னல் துடைக்கக் கழற்றிய பிறகு மீண்டும் தேடி அலைய வேண்டியிருக்காது.